விழா மேடையில் பாட்டுக் கட்டி விளையாட அரை மணி நேரம் ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓணம், கிறிஸ்துமஸ், பொங்கல் ஆகிய பண்டிகைகளை ஒட்டிக் குமரி மாவட்டத்தின் ஊர்தோறும் இளைஞர் மன்றங்களும் கலைக் கழகங்களும் நடத்தும் விழாக்களைப் பற்றிய செய்திகளைத் தங்கள் நாளிதழில் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எந்த ஊரின் நிகழ்ச்சி நிரலை எடுத்துக்கொண்டாலும் ஏறக்குறைய ஒரே அமைப்புதான். பகலில் கயிறு இழுத்தல், சாக்கு ஓட்டம், மெதுவாக சைக்கிள் ஓட்டுதல், உறியடி, கோலப்போட்டி ஆகியவை நடைபெறும். இரவில் வெளியூரிலிருந்து வரும் குழுவின் இன்னிசைக் கச்சேரியோ பல்குரல் நிகழ்ச்சியோ நடைபெறும். பகல் முழுவதும் ஓடியும் இழுத்தும் விளையாடிய ஊர்க்காரர்கள், பாட்டும் நகைச்சுவையும் தொடங்கியவுடன் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து வெறும் பார்வையாளர்களாகிவிடுகிறார்கள். அந்த இரவு நிகழ்ச்சியிலிருந்து அரை மணி நேரத்தை எடுத்து, ஊர்க்காரர்களே ஐந்தாறு பேராக மேடையேறி, கூட்டத்தினர் சொல்லும் பொருளில் அந்த நொடியிலேயே பாட்டுக் கட்டிச் சிரிக்க வைக்கும் ஒரு விளையாட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று விழாக் குழுவினரைக் கேட்டுக்கொள்வதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் தேவாலயப் பாடகர் குழு ஒன்றில் கீபோர்டு வாசிப்பவன். தக்கலையில் நண்பர்கள் சிலர் ஞாயிறு மாலைகளில் கூடி இந்த விளையாட்டை ஆடி வருகிறோம். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவர், செவிலியர், ஆட்டோ ஓட்டுநர், ஓய்வு பெற்ற ஆசிரியை, கல்லூரி மாணவர்கள் எனப் பலரும் அதில் இருக்கிறார்கள். மேடையில் பாடிப் பழகியவர்கள் அவர்களுள் மிகச் சிலரே. ஆகவே நான் கேட்டுக்கொள்வது பாடகர்களுக்கான இன்னொரு மேடை அல்ல என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிடுகிறேன்.

விளையாட்டின் விதிகள் எளியவை. நடத்துபவர் கூட்டத்தைப் பார்த்து ஒரு பொருளைக் கேட்பார். கூட்டத்தில் ஒருவர் ‘மரச்சீனிக் கிழங்கு’ என்பார். இன்னொருவர் ‘மாமியார் வீடு’ என்பார். ஒரு சிறுவன் ‘வீட்டுப்பாடம்’ என்று கத்துவான். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் எல்லோருக்கும் பழக்கமான ஒரு மெட்டை நான் வாசிக்கத் தொடங்குவேன். முதலாமவர் அந்தப் பொருளில் நான்கு அடிகளைப் பாட வேண்டும்; கடைசி அடியை மற்றவர்கள் அனைவரும் சேர்ந்து திருப்பிப் பாடுவார்கள்; அது முடிவதற்குள் அடுத்தவர் தமது முதலடியோடு ஆயத்தமாக இருக்க வேண்டும். ஆளுக்கு நான்கு அடி பாடுவதற்குப் பதிலாக ஆளுக்கு ஓர் அடி பாடுவது இதன் இன்னொரு வகை. முன்னவர் விட்ட இடத்திலிருந்து பொருளைத் தொடர வேண்டியிருப்பதால் இது கூடுதல் கடினம். கூடுதல் சிரிப்பும் இதில்தான் எழுகிறது.

இந்த வடிவம் மேலைநாட்டு அரங்குகளிலிருந்து வந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சிகாகோ நகரில் வயோலா ஸ்போலின் என்னும் அம்மையார் குழந்தைகளுக்காக நாடக விளையாட்டுகளை உருவாக்கினார். அவருடைய மகன் பால் சில்ஸ் 1959-இல் அதே நகரில் நண்பர்களுடன் சேர்ந்து தொடங்கிய செகண்ட் சிட்டி என்னும் அரங்கு, முன்தயாரிப்பில்லாத நகைச்சுவையைப் புகழ்பெறச் செய்தது. கனடாவின் கால்கரி நகரில் கீத் ஜான்ஸ்டன் 1977-இல் அதையே இரண்டு அணிகள் மோதும் விளையாட்டாக மாற்றினார். 1988-இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் தொடங்கி, பின்னர் அமெரிக்காவிலும் ஒளிபரப்பான ஒரு நிகழ்ச்சியின் வழியாகத்தான், அமெரிக்க நாட்டுப்புற ஆட்ட மெட்டில் ஆளுக்கு நான்கு அடி பாடும் வகை உலகெங்கும் பரவியது. எங்கள் குழுவின் கல்லூரி மாணவர்களும் அந்தக் காட்சிகளைக் கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் இதைத் தொடங்கினார்கள்.

ஆனால் கேட்டவுடன் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. ‘செருப்பு’ என்று தொடங்கி ‘விளக்குமாறு’ என்று முடியுமாறு பாடச் சொன்னபோது காளமேகம் முருகன்மேல் வெண்பா பாடினார் என்று வழங்கும் கதை பலரும் அறிந்ததே. கூட்டத்திலிருந்து ஒரு சொல்லை வாங்கிக்கொண்டு, அந்தச் சொல் எதிர்பாராத இடத்தில் பாடலைக் கொண்டு சேர்ப்பது அந்தக் கதையின் சுவை. எங்கள் விளையாட்டின் சுவையும் அதுவே. நம் மாவட்டத்துக்கோ இன்னும் நெருங்கிய முன்னோடி ஒன்று உண்டு. நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, எழுதி மனப்பாடம் செய்த கதைக்கு நடுவிலும் புலவர் எதிரே இருப்பவரைப் பார்த்து, அன்றைய ஊர் நடப்பைத் தொட்டு, இரண்டு அடிகளை அப்போதே கட்டிச் சேர்ப்பது தெரியும். நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் 1908-இல் பிறந்த கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டிலிருந்தே தொடங்கியவர். பாட்டையும் சிரிப்பையும் ஒரே மூச்சில் கொடுப்பது இந்த மண்ணுக்குத் தெரிந்த வேலை.

இங்கே, விழா நடத்துவோரும் இதை ஆட விரும்பும் இளைஞர்களும் கவனிக்க வேண்டிய ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் இந்த விளையாட்டின் விறுவிறுப்பு முழுவதும் அடியின் கடைசிச் சொல்லில் இருக்கிறது. முதலடியின் இறுதியில் ஒரு சொல் விழுந்தால், அதோடு ஒலி ஒத்த இன்னொரு சொல்லை இரண்டாமடியின் இறுதியில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அந்த மொழியில் அப்படி ஒத்து வரும் சொற்கள் எளிதில் அகப்படாததால், பாடுபவர் தடுமாறுவதையும் கடைசி நொடியில் தப்பிப்பதையும் பார்த்துக் கூட்டம் சிரிக்கிறது. இதே விதியைத் தமிழில் அப்படியே வைத்தால் விளையாட்டு சப்பென்று போய்விடும். நம் மொழியில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அதன் விகுதியோ எழுவாய் மாறாத வரையில் மாறுவதில்லை. ‘காலையிலே சாயா குடிச்சேன், கடைத்தெருவில் பேப்பர் படிச்சேன், பஸ்சுக்குள்ள இடம் பிடிச்சேன், பக்கத்து ஆளைப் பார்த்து இளிச்சேன்’ என்று ஒருவர் பொழுது விடியும்வரை பாடிக்கொண்டே போகலாம். கடைசி ஒலி தானாகவே வந்து சேர்ந்துவிடுகிறது. தடுமாற்றம் இல்லை, ஆகவே தப்பித்தலும் இல்லை. கூட்டம் முதல் இரண்டு அடிகளுக்குச் சிரிக்கும், அதன்பின் பக்கத்திலிருப்பவரோடு பேசத் தொடங்கிவிடும்.

தமிழ் யாப்பு அடியின் தொடக்கத்தைத்தான் பெரிதும் கட்டுகிறது. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் எதுகையும், அடிக்குள்ளே முதலெழுத்து ஒன்றிவரும் மோனையும் நம் செவிக்கு இயல்பானவை. இலக்கணம் படித்தவர்களுக்கு மட்டும் உரியவை அல்ல. தாலாட்டிலும் ஒப்பாரியிலும் விடுகதையிலும் இவற்றைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறோம். ஆகவே எங்கள் குழுவில் விதியை மாற்றிக்கொண்டோம். கடைசி ஒலி எப்படியும் போகட்டும். அடுத்தவர் தமது அடியை முன்னவரின் முதற்சொல்லுக்கு எதுகையாக வரும் சொல்லில்தான் தொடங்க வேண்டும், இயன்றால் அடிக்குள் மோனையும் வைக்க வேண்டும். ஒருமுறை ‘கல்யாணச் சாப்பாடு’ என்னும் பொருளில் நான்கு பேர் ஆளுக்கோர் அடியாகப் பாடியது இது:

பந்திக்கு முந்தணும்னு பட்டுவேட்டி கட்டி வந்தேன்;
சந்திக்குச் சந்தி நின்னு சாயா குடிச்சு வந்தேன்;
அந்தால வந்து பார்த்தா அவியல் தீர்ந்துபோச்சு;
வெந்தயக் கொழம்பு வச்சு வீட்டுக்காரி காத்திருக்கா!

இதைக் கவிதை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதில் நடப்பதைப் பாருங்கள். நான்காமவருக்கு ‘வெந்தயம்’ என்னும் சொல் எதுகைக்காக அகப்பட்டது. அதைச் சொல்லும்போது அதைக்கொண்டு என்ன செய்யப்போகிறோம் என்பது அவருக்கே தெரியாது. எரிசேரியும் பப்படமும் பிரதமனும் நினைத்து வந்தவனுக்கு வீட்டு வெந்தயக் குழம்பே கிடைத்தது என்னும் முடிவை அந்தச் சொல்தான் அவருக்கு எடுத்துக் கொடுத்தது. ஆங்கில முறையில் பாடுபவர் கடைசிச் சொல்லை முன்னதாகவே மனத்தில் பிடித்துவைத்துக்கொண்டு அதை நோக்கி வாக்கியத்தை நடத்திச் செல்கிறார். எதுகை முறையிலோ தொடக்கச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, அது எங்கே இழுத்துச் செல்கிறதோ அங்கே போக வேண்டியிருக்கிறது. போகும் இடம் பாடுபவருக்கும் கேட்பவருக்கும் ஒரே நேரத்தில்தான் தெரியவருகிறது. அந்த வியப்பே இங்கே சிரிப்பாகிறது. அயல்நாட்டு விளையாட்டு ஒன்றை எடுத்து ஆடுவதில் தவறில்லை. அதன் முடிச்சை நம் மொழியில் எங்கே போட வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

அடுத்து, நேரம். பாட்டுக் கட்டுவதற்கு அசாத்தியத் திறமை வேண்டும் என்று பலரும் அஞ்சுகிறார்கள். உண்மையில் வேண்டியது சில நொடிகள்தான்; அந்த நொடிகளைக் கொடுக்கும் ஏற்பாடு விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. கடைசி அடியை எல்லோரும் திருப்பிப் பாடும்போது அடுத்தவர் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு தமது எதுகையைத் தேடிக்கொண்டிருக்கிறார். வில்லுப்பாட்டில் புலவர் ஒரு செய்தியைச் சொல்ல, பக்கத்தில் இருப்பவர்கள் ‘ஆமா’ என்று கொட்டுவதும், அவர் பாடிய அடியை அவர்கள் வாங்கிப் பாடுவதும் கதைக்கு அழுத்தம் சேர்ப்பதோடு, புலவருக்கு மூச்சுவிடவும் அடுத்ததை நினைக்கவும் இடம் கொடுக்கின்றன. எனவே குழுவினர் திருப்பிப் பாடும் பகுதியை ஒருபோதும் சுருக்கக் கூடாது. புதியவர் மேடையேறியிருந்தால் அதை இரண்டுமுறை பாடலாம்; கூட்டத்தையும் உடன் பாடச் சொல்லலாம்.

அந்த ‘ஆமா’வில் இன்னொரு விதியும் அடங்கியிருக்கிறது. முன்னவர் பாடியதை மறுக்கக் கூடாது என்பது முன்தயாரிப்பில்லாத நாடகத்தின் அடிப்படை. முதலாமவர் ‘எங்க வீட்டு ஆடு ஐந்தாம் வகுப்புப் படிக்குது’ என்று பாடிவிட்டால், இரண்டாமவர் ‘ஆடெல்லாம் படிக்காது’ என்று திருத்த முனைந்த நொடியே விளையாட்டு செத்துவிடும். அந்த ஆட்டுக்குக் கணக்கு வராது என்றோ, வருகைப் பதிவேட்டை அது தின்றுவிட்டது என்றோ மேலே கொண்டுபோவதுதான் அவருடைய வேலை. எங்கள் குழுவில் இதைப் பழகிக்கொள்ள அதிகம் சிரமப்பட்டவர்கள் படித்தவர்கள்தான். பிறரைத் திருத்துவது கைவந்துவிட்டால் அதை அரை மணி நேரத்துக்குக் கழற்றி வைப்பது எளிதல்ல.

பக்கவாத்தியத்தைப் பற்றிச் சொல்ல எனக்குச் சற்று உரிமை உண்டு என்று நினைக்கிறேன். இந்த விளையாட்டில் கீபோர்டு வாசிப்பவருக்கு வேகமான விரல்கள் தேவையில்லை; பாடுபவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசிக்கத் தெரிந்தால் போதும். மெட்டு ஐந்து ஸ்வரங்களுக்குள் அடங்கியதாக இருக்க வேண்டும். பயிற்சி பெற்ற ஆண்கள் ஒரு கட்டைச் சுருதியிலும் பெண்கள் அதைவிட உயர்ந்த ஐந்து கட்டையிலும் பாடுவது வழக்கமானாலும், இருபாலரும் மாறி மாறிப் பாடும் இந்த விளையாட்டில் ஆளுக்கு ஆள் சுருதியை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. இரண்டு அல்லது இரண்டரைக் கட்டையில் சிறிய மெட்டை வைத்தால், ஆண்கள் கீழேயும் பெண்கள் ஒரு ஸ்தாயி மேலேயும் சிரமமின்றிப் பாடிவிடுகிறார்கள். சா, மா, பா ஆகிய மூன்றின்மேல் எழும் மூன்று கார்டுகளே (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களே) போதும். பாடுபவருக்குச் சொல் வரவில்லை என்று முகம் காட்டினால், பாவின் கார்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கலாம். காது சாவுக்குத் திரும்புவதற்காகக் காத்திருப்பதால், அந்தத் தாமதம் தவறாகத் தெரியாமல் எதிர்பார்ப்பாகவே கேட்கும். சிரிப்பு வெடிக்கும்போது இசையைச் சட்டென்று நிறுத்திவிட வேண்டும். பாடுபவருக்குத் துணையாக மெட்டை விரல்களால் வாசிப்பது பெரும்பாலும் இடைஞ்சல்தான். மெட்டிலிருந்து அவர் சற்று விலகினாலும் அவருடைய பிழையை வாத்தியம் ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. கீபோர்டில் உள்ள ஆயத்தத் தாளங்களைப் பயன்படுத்தாதீர்கள். எந்திரத் தாளம் யாருக்காகவும் வேகத்தைக் குறைக்காது. மூச்சு வாங்குபவருக்காகவும் சிரிப்பவர்களுக்காகவும் அது பொறுத்திருக்காது. ஒரு தபேலாவோ, டோலக்கோ, அவையும் இல்லையென்றால் ஒரு மண்குடமும் அதைத் தட்டத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும். கரோக்கேயும் இதே காரணத்தால்தான் இந்த விளையாட்டுக்கு ஒத்துவருவதில்லை.

தேர்ந்த பாடகர்கள்தான் இதற்கு முதலில் அஞ்சுகிறார்கள் என்பதை வேடிக்கையாகவே பார்த்திருக்கிறேன். தேவாலயக் குழுவில் சோல்ஃபா என்னும் எழுத்து இசைக்குறிப்பைப் பார்த்து நான்கு குரலில் பிழையின்றிப் பாடுபவர்கள், கையில் தாள் இல்லாமல் நிற்க நேர்ந்தால் தொண்டையைச் செருமிக்கொண்டே நின்றுவிடுகிறார்கள். சுருதி பிசகக் கூடாது என்னும் கவலை சொல்லை வரவிடுவதில்லை. கும்மி கொட்டிப் பழகிய அம்மாமார்களோ வந்து நின்றவுடன் தொடங்கிவிடுகிறார்கள். நாற்று நடுகையிலும் குழந்தையைத் தூங்கவைக்கையிலும் பேர் மாற்றி ஊர் மாற்றிப் பாடிய சொற்றொடர்கள் அவர்களிடம் ஏராளமாக உள்ளன. வில்லுப்பாட்டுப் புலவருக்கும் அப்படி ஒரு சேமிப்பு உண்டு. ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து யாரும் பாட்டுக் கட்டுவதில்லை. ஆகவே மேடைக்கு ஆள் சேர்க்கும்போது பாடகர்களைத் தேடி அலைய வேண்டாம்; வாயாடி என்று ஊரில் பெயரெடுத்தவர்களை முதலில் அழையுங்கள்.

வேறு சில வகைகளும் உண்டு. அவற்றைச் சுருக்கமாகவே குறிப்பிடுகிறேன். இருவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கையில் நடத்துபவர் மணியடித்தால், கடைசியாகப் பேசியவர் தமது வாக்கியத்தையே முதலடியாக வைத்துப் பாடத் தொடங்க வேண்டும். ‘ரேஷன் கடையில் இன்றைக்குச் சர்க்கரை இல்லை’ என்னும் ஒரே வாக்கியத்தைத் தாலாட்டாகவும், ஒப்பாரியாகவும், கும்மியாகவும், வில்லுப்பாட்டாகவும் நால்வர் அடுத்தடுத்துப் பாடுவது மற்றொன்று. இதற்குப் பாட்டுக் கட்டும் திறமைகூட வேண்டாம் என்பதால் குழந்தைகளை இதிலிருந்தே தொடங்கவைக்கலாம்.

இவ்வளவையும் சொன்னவுடன் விழாக் குழுவினர் கேட்கும் முதற்கேள்வி, பரிசு எத்தனை என்பதாகத்தான் இருக்கும். பரிசு வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கயிறு இழுப்பதற்குப் பரிசு உண்டு, கோலத்துக்குப் பரிசு உண்டு. பாட்டுக் கட்டுவதற்கும் பரிசு என்று அறிவித்தால், வருபவர்கள் நான்கு அடிகளை வீட்டிலேயே எழுதி மனப்பாடம் செய்துகொண்டு, எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அதை அந்த நான்கு அடிகளுக்குள் இழுத்து வருவார்கள். அதைவிடக் கேடு, நல்ல அடியை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கும் பழக்கம் நின்றுபோவதுதான். மேலே காட்டிய பாட்டில் மூன்றாமவர் அவியல் தீர்ந்த செய்தியோடு நிறுத்திக்கொண்டதால்தான் நான்காமவருக்குச் சிரிப்பு கிடைத்தது. தனிப்பரிசு என்று வைத்திருந்தால் மூன்றாமவரே முடிவையும் சேர்த்துப் பாட முயன்று ஒன்றுக்கும் ஆகாமல் போயிருக்கும். கீத் ஜான்ஸ்டன் அணிகளை மோதவிட்டாரே என்று சிலர் கேட்கலாம். அவர் தொழில்முறை மல்யுத்தக் காட்சிகளில் கூட்டம் கத்திக் கூச்சலிடுவதைக் கண்டு அந்த ஆரவாரத்தை நாடகத்துக்குக் கொண்டுவர விரும்பியவர். அங்கே நடுவர்கள் மதிப்பெண் அட்டையைத் தூக்கிக் காட்டுவதும் கூட்டம் அவர்களை ஏளனம் செய்வதும் விளையாட்டின் பகுதிகளே. நம் விழாக்களில் நடுவர் தீர்ப்பு அவ்வளவு இலேசாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை என்பதை விழா நடத்தியவர்கள் எல்லோரும் அறிவார்கள். பாடியவர்கள் அனைவருக்கும் ஆளுக்கொரு சீப்பு மட்டிப்பழம் கொடுத்தனுப்பினால் எந்த வழக்கும் வராது.

இரண்டாவது கேள்வி இதைவிட முக்கியமானது. ஒத்திகையில்லாமல் ஒலிவாங்கியைக் கொடுத்தால் யாராவது எதையாவது சொல்லிவிட மாட்டார்களா என்பது அது. நியாயமான அச்சம்தான். பல சமயத்தவரும் பல சாதியாரும் கலந்து வாழும் நம் மாவட்டத்தில், மேடையில் விழும் ஒரு சொல் எவ்வளவு தூரம் போகும் என்பது நமக்குத் தெரியாததல்ல. இதற்கான பொறுப்பை நடத்துபவரிடம் முழுமையாகக் கொடுத்துவிட வேண்டும். கூட்டம் கத்தும் பத்துப் பொருள்களில் எதை எடுப்பது என்பது அவருடைய முடிவாக இருக்க வேண்டும். சாதி, சமயம், கட்சி, ஒருவருடைய உடல், கூட்டத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் பெயர் ஆகிய எதையும் அவர் காதில் வாங்கவே கூடாது. பொருள்கள் வீட்டையும் வீதியையும் சுற்றியே இருந்தால் நல்லது. மழை வந்து பால் வெட்டு நின்றுபோன நாள், கடைசி பஸ்சைத் தவறவிட்டது, தோவாளையில் பூ விலை ஏறியது, மீன்காரர் வராத வெள்ளிக்கிழமை என்று எத்தனையோ உண்டு. பாடுபவர் தம்மையே கேலி செய்துகொள்வதுதான் பாதுகாப்பானது என்பதையும் தொடங்குமுன் எல்லோருக்கும் சொல்லிவிடலாம். இவற்றையும் மீறி ஒருவர் எல்லை தாண்டினால், கீபோர்டுக்காரர் உரக்க வாசித்துத் திருப்பிப் பாடும் பகுதிக்குக் குழுவைக் கொண்டுபோய்விடலாம். அந்த அடி அங்கேயே அமுங்கிவிடும். இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல, நான் செய்து பார்த்தது.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். மேடை என்றவுடன் நம்மவர்கள் திரைப்பட வசனத்தைப் போலவோ செய்தி வாசிப்பைப் போலவோ பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அவரவர் பேச்சிலேயே பாட விடுங்கள். அகஸ்தீஸ்வரத்தில் பேசுவதும் விளவங்கோட்டில் பேசுவதும் ஒன்றல்ல. எல்லையோரத்தில் மலையாளம் கலந்துவரும் சொற்களுக்கு நாகர்கோவில்காரர் சிரிப்பதும், அவருடைய ‘அந்தால’வுக்கு மார்த்தாண்டத்துக்காரர் சிரிப்பதும் மனம் நோகாத சிரிப்புகள். ஓர் எதுகைக்குத் தட்டுப்பாடு வரும்போது வட்டாரச் சொல் வந்து கைகொடுப்பதையும் அடிக்கடி கண்டிருக்கிறேன்.

விழாக் குழுவினருக்கு இதனால் பெரிய செலவு ஏதுமில்லை. கச்சேரிக்காகப் போட்ட மேடையும் ஒலிபெருக்கியும் அங்கேயே இருக்கின்றன. கச்சேரிக் குழுவினர் வந்து வாத்தியங்களை அடுக்கி ஒலியைச் சரிபார்க்கும் நேரத்தில்தான் கூட்டம் சேரத் தொடங்குகிறது. தலைவர்களின் உரைகளால் நிரப்பப்படும் அந்த இடைவேளையே இதற்குப் போதுமானது. உரைகளைக் குறைக்கச் சொல்வது எளிதல்ல என்பதும் எனக்குத் தெரியும். தலைவரையே முதற்பொருளைச் சொல்ல அழைத்துவிட்டால் அவரும் மகிழ்வார், உரையும் சுருங்கும். கூட்டம் கலையத் தொடங்கும் இரவு பதினொரு மணிக்கு இதை வைப்பதில் பயனில்லை.

வரும் ஓண விழாவுக்கான நிரலைத் தயாரிக்கும் மன்றங்கள் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். முதன்முறை நடத்துபவர்களுக்குக் கடைசியாக ஒரு நடைமுறைக் குறிப்பு. பாடுபவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒலிவாங்கி வேண்டும் என்று ஒலிபெருக்கிக்காரர் சொல்வார், ஒத்துக்கொள்ளாதீர்கள். நிலைக்கம்பியில் பொருத்திய இரண்டு ஒலிவாங்கிகளை மேடையின் நடுவில் வைத்து, பாடுபவர் முன்னே வந்து பாடிவிட்டுப் பின்னே போகுமாறு அமைத்தால், அடுத்து யார் என்னும் குழப்பம் இராது. நடந்து வரும் அந்த நான்கு எட்டு தூரமும் அடுத்தவருக்குச் சொல் தேடக் கிடைக்கும் நேரமாகிறது. கீபோர்டை மேடையின் பின்புறத்தில் வைக்காமல், பாடுபவரின் முகம் தெரியும்படி பக்கவாட்டில் வையுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.